மூன்று சுழியா, இரண்டு சுழியா?

"அண்ணே, இது மனமா, மணமா?"

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நான்காவது கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். மூக்கு திரையில் முட்டிவிடும்போல அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று எண்ண முடியாதபடி சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாக ஒரு கட்டியாக நின்றன. அடுத்த வரியில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதிக்குமேல் மங்கிப்போயிருந்தன.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் தமிழ் எழுத்துகளோடுதான் பிழைப்பு. ஒரு புள்ளி விட்டுப்போனால் கல்யாணப் பத்திரிகை மொத்தமும் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட எனது பொறுப்பில் இருக்கிற கணினியில் ஒரு பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்பது மனதை ரொம்பவே உறுத்தியது. அந்த ஒரு திரையைச் சரிசெய்ய நான்கு ராத்திரி ஆயிற்று. அந்த நான்கு ராத்திரியில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு வேறு சில கணினிகளில் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருக்கிற யாராவது இதே மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு தவித்தால், அவர்களுக்கு ஒரு ராத்திரியாவது மிச்சமாகட்டும்.

படிப்பகத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட நான்கு கணினிகளை அவர் கேட்டு வாங்கி வந்தார். பழைய பெட்டிகள், 4 ஜிபி ராம், மதர்போர்டிலேயே இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸ். மானிட்டர்கள் 20 அங்குலம், விஜிஏ கேபிள். நான்கிலும் லினக்ஸ் மின்ட்டில், எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் கொண்ட பதிப்பைப் போட்டேன். இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில் அது இழுக்காமல் ஓடும், தமிழும் நன்றாகத் தெரியும். மூன்று கணினிகள் முதல் நாளே சரியாக வந்துவிட்டன. நான்காவதில்தான் எழுத்தெல்லாம் கொழுத்துப்போய் அகலமாகத் தெரிந்தது. வரைகிற மென்பொருளில் வட்டம் போட்டால் முட்டையாக வந்தது. டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால் 1024-க்கு 768 என்பதற்கு மேலே பட்டியலில் எதுவுமே இல்லை.

அந்த மானிட்டரின் இயல்பான ரெசல்யூஷன், அதாவது திரையில் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் இருக்கிற ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை, 1600-க்கு 900. கணினி அனுப்பியதோ 1024-க்கு 768. மானிட்டர் வந்த படத்தைத் தன் முழு அகலத்துக்கும் இழுத்துப் பரப்புகிறது. அகலவாக்கில் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளிக்கும் சற்று அதிகமாக விரிய வேண்டும். அரைப் புள்ளி என்று திரையில் எதுவும் கிடையாது. அதனால் பக்கத்துப் புள்ளியோடு கலந்து சாம்பல் நிறமாகப் பூசிவிடுகிறது. ஆங்கில எழுத்து இந்தப் பூச்சை ஓரளவு தாங்கும். தமிழ் எழுத்து தாங்காது. ணகரத்தின் சுழிகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளை ஒரே ஒரு புள்ளி அகலம்தான், அது சாம்பலானதும் எழுத்தே மாறிப்போகிறது. மெய்யின் புள்ளியும் அப்படித்தான்.

முதல் ராத்திரி நான் செய்தது தப்பு. 2006-இல் உபுண்டு 6.06 என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பழகியவன் நான். அந்தக் காலத்தில் திரை சரியில்லை என்றால் திரையில் படம் காட்டுகிற எக்ஸ்ஆர்க் என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து, மானிட்டரின் கிடை அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் எல்லாம் கையால் எழுத வேண்டும். கை தானாக அங்கேதான் போயிற்று. ஆனால் லினக்ஸின் உட்கருவான கெர்னலின், 2009-இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து திரையின் ரெசல்யூஷனை அமைக்கிற வேலையைக் கெர்னலே எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது, முதலில் இன்டெல் சிப்புகளுக்குத்தான் அது வந்தது. இப்போது அந்தக் கோப்பு பெரும்பாலான கணினிகளில் இருப்பதே இல்லை, தேவையும் இல்லை. இது தெரிந்திருந்தும் பழைய பழக்கத்தில் ஒன்றை எழுதி வைத்து, அதில் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்குகிற மென்பொருள்) பெயரையும் போட்டேன். அந்த டிரைவர் அந்தக் கணினியில் நிறுவப்பட்டே இருக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக்கென்று.

வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நாளைக்குப் பிள்ளைக வரும்ல?" என்றார். "வரட்டும் ஐயா, சரி பண்ணிருவேன்" என்றேன். உள்ளுக்குள் பயம்தான்.

இந்த நிலையில் பவர் பட்டனை அழுத்தி அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அது வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3-ஐ அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகலாம். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே போனதும், கடைசியாக எந்தக் கோப்பைத் தொட்டீர்களோ அதன் பெயரை மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்தால் போதும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. பிறகு ரீபூட். நான் அப்படித்தான் மீட்டேன். எங்கே தவறியது என்று பார்க்க வேண்டுமானால், வார் என்ற ஃபோல்டருக்குள் லாக் என்ற ஃபோல்டரில் எக்ஸ்ஆர்க்கின் பதிவேடு இருக்கும். அதில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெரிய 'ஈ' போட்ட வரிகளை மட்டும் படியுங்கள், அவைதான் பிழைகள். என்னுடையதில் டிரைவர் கிடைக்கவில்லை, திரை எதுவும் கிடைக்கவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

இரண்டாம் ராத்திரிதான் முறையாக ஆரம்பித்தேன். கட்டளை தட்டுகிற டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையைக் கொடுத்தேன். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் (xrandr). ஆறும் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. திரை சம்பந்தமாக எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் தட்ட வேண்டியது இதைத்தான். இது எதையும் மாற்றாது, இருப்பதைச் சொல்லும். எந்தெந்த வாயில்களில் மானிட்டர் செருகியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன ரெசல்யூஷன் கிடைக்கிறது என்று பட்டியல் போடும். இப்போது ஓடுகிற அளவுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். மானிட்டர் தானே விரும்பிக் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். நட்சத்திரமும் கூட்டலும் ஒரே வரியில் இருந்தால் திரை நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

நன்றாக இருக்கிற மூன்றாவது கணினியில் தட்டினேன். விஜிஏ-1, இணைக்கப்பட்டுள்ளது, 1600-க்கு 900, அந்த வரியின் கடைசியில் 443 மி.மீ. பெருக்கல் 249 மி.மீ. என்று இருந்தது. அளவுகோலை எடுத்துத் திரையை அளந்தேன். சரியாக அதுதான் அதன் நீள அகலம்.

நான்காவதில் தட்டினேன். விஜிஏ-1, இணைக்கப்பட்டுள்ளது. அளவு: 0 மி.மீ. பெருக்கல் 0 மி.மீ. கீழே 1024, 800, 848, 640 என்று நான்கே நான்கு வரிகள். கூட்டல் குறி எங்குமே இல்லை.

20 அங்குலத் திரை எதிரே உட்கார்ந்திருக்க, கணினி அதற்கு நீளமும் இல்லை அகலமும் இல்லை என்கிறது. இந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி தெளிந்தது. படத்தின் அளவைத் திருத்துவது ரெண்டாவது வேலை. இந்தக் கணினிக்குத் தன் எதிரே இருக்கிற மானிட்டர் எது என்றே தெரியவில்லை என்பதுதான் நோய்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவுச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட் தகவல் எழுதியிருக்கும். தயாரித்தவர் குறியீடு மூன்றெழுத்து, தயாரித்த வாரம், வருடம், திரையின் அளவு, எந்தெந்த ரெசல்யூஷனைத் தாங்கும், எதை விரும்புகிறது, எல்லாம் அந்த 128 பைட்டில் அடக்கம். இதற்கு இடிஐடி என்று பெயர். வெசா என்ற தர அமைப்பு 1994-இல் கொண்டுவந்தது. கணினி கிளம்பும்போது கேபிள் வழியாக அந்தச் சில்லைக் கேட்டு வாங்கிப் படிக்கிறது. பதில் வராவிட்டால் கெர்னல் பத்திரமான முடிவொன்றை எடுக்கிறது: எந்த மானிட்டரும் தாங்கக்கூடியது என்று 1024-க்கு 768 வரைக்கும் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. யாரென்றே தெரியாத விருந்தாளிக்கு உறைப்பைக் குறைத்துச் சமைப்பதில்லையா, அதுபோல.

வாத்தியாருக்கு இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப கேள்வி போய்ச் சேரலையா, பதில் வந்து சேரலையா?" என்றார். நான் அதுவரை யோசிக்காத கேள்வி. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விஜிஏ செருகியில் 15 பின்களுக்கு இடம் உண்டு, மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. படத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம் 1, 2, 3-ஆம் பின்களில் போகின்றன. வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் சைகைகள் 13, 14-இல். இந்த ஐந்தும் ஒழுங்காக இருந்தால் படம் வந்துவிடும். மானிட்டரின் தகவலோ 12, 15 என்ற இரண்டு பின்களில்தான் வருகிறது. அதனால்தான் கேபிளில் கோளாறு இருந்தும் படம் மட்டும் வருகிறது, நாமும் கேபிளைச் சந்தேகிக்காமல் மென்பொருளைக் குடைந்துகொண்டே இருக்கிறோம். விஜிஏ என்பது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அப்போது இந்த இடிஐடி எதுவும் இல்லை, பின்னால்தான் இந்த ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். படம் ஒரு வழி, விவரம் இன்னொரு வழி என்று பிரிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம்.

சில்லின் தகவல் வந்ததா என்று நேராகவே பார்க்கலாம். சிஸ் என்ற ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். அங்கே ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் இடிஐடி என்ற பெயரில் ஒரு கோப்பு. அதை வாசித்து எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னேன். மூன்றாவது கணினியில் 128. நான்காவதில் 0.

சரி, கேபிளை மாற்றிப் பார்ப்போம் என்று மூன்றாவதின் கேபிளை நான்காவதில் செருகினேன். உள்ளே மறுபடி நுழைந்ததும் 1600-க்கு 900 தானாக வந்து நின்றது. எழுத்து கத்தி போல வந்தது. நான்காவதின் கேபிளை மூன்றாவதில் போட்டேன், அங்கே எழுத்து கொழுத்தது. இரண்டு நிமிட வேலை. இதை முதல் ராத்திரியே செய்திருக்கலாம். எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்னால் நன்றாக ஓடுகிற ஒன்றிலிருந்து கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் முதல் வார்த்தையாகச் சொல்கிறேன்.

செல்போன் டார்ச்சை அடித்துச் செருகிக்குள் பார்த்தேன். கீழ்வரிசையில் ஓரத்துக்கு அடுத்த பின் படுத்துக்கிடந்தது. நடுவரிசையில் ஒரு பின் இல்லாமலே இருந்தது. அது 9-ஆம் பின், பல கேபிள்களில் தயாரிக்கும்போதே வைப்பதில்லை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படுத்துக்கிடந்தது 12. ஊக்கின் முனையால் மெதுவாக நிமிர்த்தினேன். நிமிர்ந்தது போலத் தெரிந்து, கடைசி நொடியில் முறிந்து கையோடு வந்துவிட்டது. ஏற்கெனவே யாரோ ஒருமுறை வளைத்து நிமிர்த்தியிருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, கடை கிடையாது. பிள்ளைகள் வருவார்கள். மூன்று கணினிக்கு நான்கு பேர் என்று உட்கார்த்தலாம்தான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தத் திரையிலேயே எழுத்தைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாவிட்டால், அதற்குப் பதிலாக நாமே கணினிக்குச் சொல்லலாம். அதற்கு வழி இருக்கிறது.

சி, வி, டி (cvt) என்று மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அதனோடு 1600, 900, 60 என்று கொடுத்தால் ஒரு வரி எண்களைக் கணக்குப் போட்டுத் தரும்: 118.25, பிறகு 1600, 1696, 1856, 2112, பிறகு 900, 903, 908, 934, கடைசியில் இரண்டு சைகைகளின் திசை. பார்த்தால் மிரட்டும், ஆனால் விஷயம் எளிது. 1600 தெரிகிற புள்ளிகள். 2112 என்பது, ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்புகிற நேரத்தையும் சேர்த்த மொத்தம். பழைய குழாய் மானிட்டர்களில் எலெக்ட்ரான் கற்றை திரும்பி வர நேரம் வேண்டும், அந்தக் கணக்கு இன்னும் தொடர்கிறது. 934-உம் அப்படியே, மேலிருந்து கீழ். 2112-ஐ 934-ஆல் பெருக்கி, நொடிக்குச் சுமார் 60 தடவை வரைந்தால் 11.8 கோடிப் புள்ளி வரும். அதுதான் முதலில் இருக்கிற 118.25 மெகாஹெர்ட்ஸ்.

இந்த வரியை எக்ஸ்ரேண்டருக்கு மூன்று படியாகக் கொடுக்க வேண்டும். முதலில் நியூமோட் என்று சொல்லி இந்த எண்களுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். அடுத்து ஆட்மோட் என்று சொல்லி அந்தப் பெயரை விஜிஏ-1 வாயிலோடு சேர்க்கிறோம். கடைசியாக அவுட்புட் விஜிஏ-1, மோட் இன்னது என்று மாற்றுகிறோம். நியூமோட், ஆட்மோட், அவுட்புட், மோட் என்ற நான்கு சொல்லுக்கும் முன்னால் இரண்டு ஹைஃபன் வரும். வாயிலின் பெயரை எக்ஸ்ரேண்டர் காட்டியபடியே எழுத வேண்டும், சில கணினிகளில் விஜிஏ-1, சிலவற்றில் ஹைஃபன் இல்லாமல் விஜிஏ1. இந்த ஒரு ஹைஃபனால் மட்டும் அரை மணி நேரம் போயிற்று.

மூன்றாம் படிக்கு முன் ஒரு பாதுகாப்பு செய்துகொள்ளுங்கள். மானிட்டர் தாங்காத அளவைக் கொடுத்துவிட்டால் திரை கறுத்து, வரம்பு மீறியது என்று மட்டும் காட்டும். கண் தெரியாமல் தட்டி மீட்பது கஷ்டம். அதனால் மாற்றுகிற கட்டளையை எழுதி, அரைப்புள்ளி போட்டு, ஸ்லீப் 15 என்று எழுதி, மறுபடி அரைப்புள்ளி போட்டு, பழைய 1024-க்குத் திரும்புகிற கட்டளையையும் அதே வரியில் எழுதிவிட்டு என்டரைத் தட்டுங்கள். படம் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு 15 நொடி காத்திருந்தால் போதும், பழையது திரும்பி வந்துவிடும். படம் நன்றாக வந்தால் கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி அதை நிறுத்திவிடலாம். எல்சிடி மானிட்டருக்கு இதனால் கெடுதல் வராது. பழைய குழாய் மானிட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கையேட்டில் போட்ட அளவைத் தாண்டக் கூடாது.

படம் வந்தது. இடப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து, எழுத்தின் ஓரத்தில் லேசான நடுக்கத்தோடு வந்தது. மானிட்டரின் முன்பக்கத்தில் இருக்கிற ஆட்டோ பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் இடத்தில் உட்கார்ந்து, நடுக்கமும் நின்றது. விஜிஏ கேபிளில் எழுத்து நடுங்கினால் லினக்ஸில் எதையும் தேட வேண்டாம், அந்தப் பட்டனைத் தேடுங்கள்.

இப்படிக் கொடுத்த அளவு லாக் அவுட் செய்தால் போய்விடும். நிலைக்க வேண்டும் என்று மூன்று வரியையும் என் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் போட்டேன். உள்ளே நுழைந்தால் ஒரு நொடி சரியான அளவு வந்து, டெஸ்க்டாப் முழுதாகத் தெரிகிறபோது பழையபடி 1024-க்கு விழுந்தது. எக்ஸ்எஃப்சிஇ தன் நினைவில் வைத்திருக்கிற பழைய திரை அளவைக் கடைசியில் வந்து போட்டுவிடுகிறது. யார் கடைசியில் பேசுகிறாரோ அவர் சொன்னதுதான் நிற்கும். அதனால் அந்த வரிகளை ஒரு சிறிய ஸ்கிரிப்டாக எழுதி, முதல் வரியில் ஸ்லீப் 5 போட்டு, 'செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்' அமைப்பில் தானாகத் தொடங்குகிறவற்றோடு சேர்த்தேன். ஐந்து நொடி கழித்து நம் பேச்சு கடைசியாக வந்தது. நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாள். வாசித்துக்கொண்டே போனவள் திரும்பி, "மணம்ணே. மூணு சுழி" என்றாள்.

திங்கட்கிழமை டவுனில் புது கேபிள் வாங்கினேன். செருகினால் மறுபடியும் 0 மி.மீ. புத்தம்புதுக் கேபிள், 14 பின்னும் நிமிர்ந்து நிற்கிறது, ஆனாலும் தகவல் வரவில்லை. ஸ்கிரிப்ட் இருந்ததால் படம் சரியாக இருந்தது, அதனால் எக்ஸ்ரேண்டரைத் தட்டிப் பார்த்திருக்காவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. மறுநாள் ஊரில் வயரிங் வேலை பார்க்கிற சித்தப்பாவிடம் மல்டிமீட்டரை வாங்கி, இந்தப் பக்கத்து 12-இலும் அந்தப் பக்கத்து 12-இலும் முனையை வைத்தேன். சத்தம் வரவில்லை. 13-இல் வைத்தேன், கீ என்றது. பின் இருக்கிறது, உள்ளே கம்பி இல்லை. விலை குறைவான சில கேபிள்களில் படத்துக்கு வேண்டிய கம்பிகளை மட்டும் இழுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். மல்டிமீட்டரைக் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் நான்கு கேபிளை எடுத்துப் போட்டார். தடிமனாக இருந்த ஒன்றில் 12, 15 இரண்டுமே கத்தின. அதை வாங்கி வந்து, ஸ்கிரிப்டை நீக்கிவிட்டு, செருகினேன். 443, 249.

இதற்குப் பின்னால் ஊரில் யார் கணினித் திரை மங்கினாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருந்தான். தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள கணினி. நிறுவியதும் கறுப்புத் திரை. யாரோ சொல்லி, தொடக்க மெனுவில் ஈ-யை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்குகிற வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்திக் கிளப்பியிருக்கிறான். படம் வந்துவிட்டது. மகிழ்ச்சியில் அதையே நிரந்தரமாகவும் எழுதி வைத்துவிட்டான். அதன்பின் ஆறு மாதம், வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, விசிறி கத்துகிறது, லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று இருந்திருக்கிறான்.

ஐ, என், எக்ஸ், ஐ, இடைவெளி, ஹைஃபன், பெரிய ஜி என்று தட்டச் சொன்னேன். வரைபவர் யார் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று வந்தது. கிராஃபிக்ஸ் சிப் சும்மா கிடக்க, மொத்தப் படத்தையும் பிராசஸரே வரைந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நோமோட்செட் என்பது, திரையை அமைக்கிற வேலையைத் தொடாதே என்று கெர்னலுக்குச் சொல்வது. காலில் கட்டுப் போடுவது மாதிரி. நடக்க முடியாதபோது உதவும், எலும்பு கூடிய பிறகு அவிழ்த்துவிட வேண்டும். டிரைவர் மேனேஜரைத் திறந்து அது பரிந்துரைத்த டிரைவரைப் போட்டோம். கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்ததால் ஒரு கடவுச்சொல் கேட்டது, அடுத்த ரீபூட்டில் நீலத் திரை வந்தது. பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, சாவியைப் பதிவுசெய் என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் இந்த நீலத் திரையைப் பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் டிரைவர் போட்டும் வேலை செய்வதில்லை. பிறகு நோமோட்செட்டை நீக்கினோம். விசிறியின் சத்தம் அடங்கியது. "அண்ணே, ஆறு மாசம் வீணாப் போச்சே" என்றான் அவன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

படிப்பகத்துக்கு ஒருவர் கொடுத்த டிவியை எச்டிஎம்ஐ-யில் போட்டபோது நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே இருக்கிற பட்டையே தெரியவில்லை. அதற்கு லினக்ஸில் ஒன்றும் செய்யவில்லை. டிவியின் ரிமோட்டில் படத்தின் அளவு என்ற இடத்தில், உள்ளபடியே காட்டு என்பதற்கு மாற்றினேன், முடிந்தது.

இன்னொன்று. என் வீட்டுக் கணினியில் உபுண்டு. அதில் மேலே சொன்ன நியூமோட், ஆட்மோட் எதுவும் பலிக்காது, காரணம் அது ஓடுவது எக்ஸ்ஆர்க்குக்குப் பதிலாக வந்த வேலண்டில். எக்ஸ்ரேண்டர் என்பது எக்ஸ்ஆர்க்கோடு பேசுகிற கருவி. வேலண்டில் அது இருப்பதைக் காட்டும், மாற்றாது. நுழைவுத் திரையின் கீழ் மூலையில் இருக்கிற பல்சக்கரத்தில் எக்ஸ்ஆர்க்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பலரும் எழுதியிருப்பார்கள். உபுண்டு 25.10-இலிருந்து அதன் க்னோம் டெஸ்க்டாப்பில் அந்தத் தேர்வே இல்லை. அங்கே கெர்னலிடமே சொல்லிவிடுவதுதான் வழி: தொடக்க வரியில் வீடியோ, சமக்குறி, வாயிலின் பெயர், முக்காற்புள்ளி, 1600எக்ஸ்900, அட் குறி, 60. இது எக்ஸ்ஆர்க், வேலண்ட் இரண்டுக்கும் கீழே இருக்கிறது. ஒரு குறிப்பைப் படித்துக் கட்டளையைத் தட்டுவதற்கு முன், நம் கணினி இரண்டில் எதில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டால் நிறைய அலைச்சல் மிச்சம்.

படிப்பகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்தேன். நான்கு கணினிக்கும் ஒவ்வொரு பக்கம். திரை நன்றாக இருக்கும்போது எக்ஸ்ரேண்டர் என்ன சொல்கிறது, இடிஐடி எத்தனை பைட், எந்த டிரைவர், எல்லாம் அந்தப் பக்கத்தில். அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் திரையைப் பார்த்து எழுதினாள், அழகான கையெழுத்து. எக்ஸ்ரேண்டர் என்பதன் ஆறு எழுத்தையும் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியதும் அவள்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் எனக்கு அச்சகத்தில் தீபாவளி வேலை, ராத்திரி பத்து மணி வரை ஊருக்குப் போக முடியவில்லை. ஏழு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, ரெண்டாவது கம்ப்யூட்டர்ல எழுத்து பெருசாயிருச்சு. தட்டிப் பாத்தேன், ஜீரோ எம்எம்னு வந்துச்சு. நோட்டுல 443 இருக்கு."

"கேபிளை..."

"கழட்டி மாட்டிட்டேண்ணே. பின்னால ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. இப்ப 443 வருது. சும்மா சொல்லலாம்னு பண்ணேன்."